மஞ்சள் குல்லாப் பையனின் காவல்காரி

ஒடெத் ரொபித்தாய்க்கு ஏழெட்டு மொழி தெரியும் என்று கீழ்நகரத்துக் கடைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பொய்யில்லை. ஜப்பானியம், சீனம், ஸ்பானியம், ஜெர்மன், கொஞ்சம் அரபி எல்லாம் தெரியும். ஆனால் எந்த மொழியிலும் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான்: "தொடாதே." அதை அவள் சொல்கிற வேகத்தில், சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கி வந்த ஆஜானுபாகுவான ஆள்கூட இரண்டடி பின்னால் போய்விடுவான்.

மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிய பாகு விற்கும் கடையில் அவளுக்கு வேலை. கடைக்கு நேர் எதிரே சுவரோவியம். ஒரு வீட்டின் பக்கச் சுவர் முழுக்க, நாலு மாடி உயரத்துக்கு, ஜன்னல்களும் படிகளும் மனிதர்களுமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். மேல்நகரத்தில் கோட்டை மாதிரி நிற்கும் ஓட்டலைப் படமெடுத்து முடித்தவர்கள், செங்குத்துச் சரிவில் கம்பி இழுத்துக் கொண்டுவரும் ரயிலில் இறங்கி அடுத்து இங்கேதான் வருவார்கள். சுவரின் அடியில், வரைந்த வாசற்படியில், வரைந்த பனிச்சறுக்குப் பலகையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். மஞ்சள் கம்பளிக் குல்லா, நீல பூட்ஸ், முன்பல் ஒன்று இல்லை.

அவன் குல்லாவைத் தட்டினால் இந்த ஊருக்கு மறுபடியும் வருவீர்கள் என்று ஒரு கதை இருக்கிறது. ஏதோ பழைய நம்பிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். ரேயால் என்ற வழிகாட்டி ஒரு மழை நாளில், நனைந்து சலித்துப்போன கூட்டத்தைச் சிரிக்கவைக்க அவிழ்த்துவிட்டது. அது மற்ற வழிகாட்டிகளின் வாய்க்குப் போய், கப்பலில் கொடுக்கும் வரைபடத்திலும் ஏறிவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள். தட்டினவர்கள் எல்லாரையும் பார்த்து ஒடெத் பாகுக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

இந்த ஓட்டமும் பேர் வாங்கிவிட்டது. யாரோ இணையத்தில் எழுதியதை ரேயால் ஒருநாள் கடைக்குள் வந்து படித்துக் காட்டினார். "கேளு. 'சுவரோவியம் அழகு. எதிர்க்கடையிலிருந்து கரண்டியோடு ஓடிவரும் அம்மாள் அதைவிட அழகு. தவற விடாதீர்கள்.' ஊர்ல பார்க்க வேண்டிய இடங்கள்ல நீயும் சேர்ந்துட்டே, ஒடெத். இனிமே உனக்கும் டிக்கெட் போடலாம்."

"நற்கருணைப் பெட்டியே! ரேயால், எல்லாம் உன்னால வந்த வினை" என்றாள் ஒடெத். எங்கள் ஊரில் கோபம் வந்தால் ஆளைத் திட்டுவதைவிட மாதா கோயில் சாமான்களைத் திட்டுவதுதான் அதிகம். பலிபீடம், திருப்பாத்திரம், நற்கருணைப் பெட்டி எதுவும் தப்பாது. "கதை கட்டுறதுக்கு இந்த ஊர்ல உனக்கு வேற சுவரே கிடைக்கலையா?"

"சுவர் கிடைச்சுது. இவ்வளவு அழகான பையன் கிடைக்கல."

ஒடெத் காபியை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். இருவரும் இப்படித்தான். காலையில் சேர்ந்து காபி, பத்து மணிக்குமேல் சண்டை.

அக்டோபரில் மரமெல்லாம் சிவக்கும்போது கப்பல் மேல் கப்பலாக வரும். அப்போது அவள் வாய் ஓயாது. பாரிசிலிருந்து வந்த ஒரு கனவான் பையனின் தலையில் கை வைத்தபடியே அவள் திட்டுவதை ரசித்துக் கேட்டார். "மதாம், உங்க பிரெஞ்சு எவ்வளவு இனிமையா இருக்கு. எங்க கொள்ளுத்தாத்தா காலத்துப் பேச்சு."

"அப்படியா? உங்க கொள்ளுத்தாத்தாவுக்குக் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரிஞ்சுதா?"

தெருவே சிரித்தது. கனவான் கையை எடுத்துக்கொண்டார். ஒடெத் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பையன் அவள் பையன்.

சுவரை வரைந்த காலத்தில் ஓவியர்கள் முகத்துக்கு எங்கும் அலையவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களையே பிடித்து நிற்கவைத்தார்கள். இரண்டாம் மாடி ஜன்னலில் எட்டிப் பார்ப்பவர் அப்போது மீன்கடை வைத்திருந்தவர். பால்கனியில் துணி காயப்போடுகிறவள் தபால்காரரின் மனைவி. பையன் வேண்டும் என்றபோது, தெருவில் பலகையை இழுத்துக்கொண்டு போன எத்தியெனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவன் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல ஓரிடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று ஒடெத் சொல்வாள். அவனுக்கு அப்பா என்று யாரும் கூட இல்லை. கல்யாணம், விவாகரத்து எதுவும் நடக்காமலே ஒருவர் வந்து போயிருந்தார். எங்கள் ஊரில் அது யாரும் நின்று பேசுகிற சமாச்சாரம் இல்லை. தாயும் பிள்ளையுமாக இருந்தார்கள், நன்றாகவே இருந்தார்கள்.

எத்தியெனுக்குப் பத்தொன்பது வயதாகும்போது, ஒரு மார்ச் மாதத்தில், ஏரியின் மேல் உறைந்த பனி இன்னும் தாங்கும் என்று நம்பிப் பனி வண்டியில் குறுக்கே போனான். பனி தாங்கவில்லை.

ஒடெத் அப்போது பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளுக்கு, தட்டேந்தி வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை. சம்பளம் குறைவு என்று தெரிந்தேதான் பாகுக் கடைக்கு வந்தாள். ஏன் என்று கடை முதலாளி கேட்கவில்லை. ஜன்னலோர மேசையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.

அந்த முதல் குளிர்காலத்தில்தான் அது தொடங்கியது. வழுக்காமல் இருக்க எங்கள் தெருக்களில் உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். அது கரைந்து சேறாகி, பனி தள்ளும் வண்டி போகிற வேகத்தில் இரண்டு பக்கமும் தெறிக்கும். காய்ந்தால் பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. அதற்கு மருந்து வினிகர் கலந்த வெந்நீர். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள், வாசல் மிதியடி பக்கத்தில் ஒரு புட்டி வினிகரும் பழந்துணியும் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு எத்தியென் வரும்போதெல்லாம் ஒடெத் அப்படித்தான் அவன் பூட்ஸைத் துடைத்து வைப்பாள். சுவரில் இருக்கிற பிள்ளையின் பூட்ஸிலும் அதே வெள்ளைக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தபோது, அவள் கை தானாகவே துணியைத் தேடியது.

முதலில் பூட்ஸ் மட்டும். அப்புறம் கன்னத்தில் தெறித்திருந்தது, அதையும் துடைத்தாள். பிறகு உப்பு இருக்கிறதா இல்லையா என்றே பார்ப்பதில்லை. கோடையிலும் கடை திறக்கும் முன்னால் ஒரு சின்ன வாளியில் வெந்நீரும் வினிகருமாக வந்து, மண்டி போட்டு, நெற்றி, மூக்கு, வாய், மோவாய் என்று பதமாகத் துடைத்துவிடுவாள். குளிர்காலமானால், முந்தின ராத்திரி ஹாக்கியில் யார் ஜெயித்தது என்று முணுமுணுப்பாள். குல்லாவைத் தொடமாட்டாள். குல்லாவை ஈரமாக்கினால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. சுவருக்குச் சளி பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தொடவில்லை.

வருஷங்கள் போகப் போகப் பையனின் முகம் மங்கியது. முதலில் கன்னத்துச் சிவப்பு போனது. பிறகு மூக்கு. விழுந்த பல்லின் கறுப்பு இடைவெளி எங்கே இருந்தது என்று தேட வேண்டியதாயிற்று. ஒடெத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்துக்குப் போய்ப் போய்ச் சண்டை பிடித்தாள். "ஊர் உலகத்துல இருக்கிறவன் கையெல்லாம் என் பிள்ளை தலைமேல. தலையில தட்டித் தட்டி முகமே போயிடுச்சு. அந்த ரேயாலோட வாயைத் தைச்சு வைங்க." இப்படிப் பத்து வருஷம் சொன்னாள்.

சங்கத்துக்காரர்கள் மெதுவானவர்கள், ஆனால் காது கேட்காதவர்கள் இல்லை. சுவர் முழுக்கப் பழுது பார்க்கப் பணம் வந்தபோது, அவள் சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும் உருவம் தாங்காது; எத்தனை முறை வரைந்தாலும் பயணிகள் தேய்த்துவிடுவார்கள்; ஆகவே பையனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மரப்பீப்பாய் வரையலாம். வழிகாட்டிகள் கூட்டத்தோடு அந்தத் தெருவில் நிற்கக் கூடாது. ஜூன் மாதக் கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொன்னார்கள்.

"பீப்பாயா?" என்றாள் ஒடெத். அவள் கேட்டது பிள்ளையைக் காப்பாற்ற. கிடைத்தது பிள்ளையைத் தூக்கிவிட்டு ஒரு பீப்பாய்.

மே மாதம் சாரம் கட்டினார்கள். வேலைக்கு வந்தவள் மரிலு என்ற சுவரோவியக்காரி. முப்பது வயதிருக்கும், முட்டியில் பெயிண்ட் காய்ந்த கால்சட்டை, காதில் பென்சில். முதல் நாளே ஒடெத் பாகு மிட்டாய் ஒரு பெட்டி கொண்டுபோய் நீட்டினாள்.

"மதாம் ரொபித்தாய், இதெல்லாம் எதுக்குங்க?"

"மதாம் கிதாம்னு கூப்பிடாதே, ஒடெத்னு கூப்பிடு. இது லஞ்சம். அவனை எடுத்துடாதே."

மரிலு சிரித்தாள். சிரித்துவிட்டு, பெரியவளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அது என் கையில இல்லீங்க. ஆனா ஏன் இப்படி உரிஞ்சு போச்சுன்னு பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. அவன் யாருங்க?"

"என் மகன்" என்றாள் ஒடெத். மரிலு மிட்டாய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் மரிலு அந்தப் பையன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், சுரண்டிப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் ஒடெத் வாளியோடு வந்தபோது மரிலு சாரத்தின் கீழ்ப்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒடெத், எனக்கு ஒண்ணு புரியல. எல்லாரும் தட்டுறது எங்கே? குல்லாவுல. குல்லாவைப் பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அழுக்கா இருக்கு. ஆனா அடியில மஞ்சள் அப்படியே இருக்கு, நூல் நூலாத் தெரியுது. யாருமே தொடாத முகமும் பூட்ஸும்தான் போயிருக்கு. அது எப்படி?"

"தலையில தட்டினா அதிர்ச்சி முகத்துக்கு வராதா?"

"சுவருங்க இது." மரிலுவின் பார்வை வாளிக்குப் போனது. அவளும் இந்த ஊர்ப் பெண்தான், அந்த வாடை அவளுக்குத் தெரியாததில்லை. "அதுல என்ன வினிகரா?"

"உப்புக் கறைக்கு வேற என்ன போடுவாங்க? தினமும் துடைச்சுவிடுவேன். நான் பார்க்கலேன்னா இவனை யார் பார்ப்பா?"

மரிலு கீழே கிடந்த பூச்சுச் சில்லு ஒன்றை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். வாளியில் விரலை நனைத்து அதன்மேல் சொட்டினாள். சில்லு மெல்ல நுரைத்தது. சமையல் சோடாவில் வினிகர் பட்டால் நுரைக்குமே, அதேபோல. நுரை அடங்கியபின் அவள் பெருவிரலால் தேய்த்தாள். ஒட்டியிருந்த நீலம் விரலோடு வந்துவிட்டது.

"சுண்ணாம்புச் சுவருங்க. பெயிண்டும் சுண்ணாம்போட சேர்ந்து பிடிக்கிற பெயிண்ட். வினிகர் பட்டா கரைஞ்சுடும். கொஞ்சம் கொஞ்சமா."

ஒடெத் அந்த நீலத்தைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். இத்தனை வருஷமும் காலையில் எழுந்ததற்கு இருந்த ஒரே காரணம் இந்த வாளிதான். ஊர் உலகத்தையெல்லாம் விரட்டிவிட்டு, தினம் தினம் மண்டி போட்டு, தன் கையாலேயே பிள்ளையின் முகத்தை அழித்திருக்கிறாள். வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். வரைந்த படியில் உட்கார முடியாது என்பதால் நடைபாதையிலேயே உட்கார்ந்தாள்.

மரிலு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் யார் பேரையும் சொல்லமாட்டேன். ஏதோ அமிலம் பட்டிருக்குன்னு மட்டும் சொல்லிடறேன்."

"அப்படிச் சொன்னா அவனை விட்டுவெப்பாங்களா?"

"மாட்டாங்க" என்றாள் மரிலு. "யாரோ வந்து ஊத்துறாங்க, நாளைக்கும் ஊத்துவாங்கன்னு நினைப்பாங்க. பீப்பாய்தான்."

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோயிலுக்கு அடியிலிருக்கும் கூடத்தில். காபி, டோனட், மடக்கு நாற்காலிகள். வழிகாட்டிகள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள், முன்வரிசையில் ரேயால், குற்றவாளி மாதிரி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. மரிலு எழுந்து அமிலம் என்றாள். முணுமுணுப்பு எழுந்தது. சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இது விஷமம். இந்த வழிகாட்டிங்க சேர்க்கிற கூட்டத்துல எவன் என்ன பண்றான்னு யாருக்குத் தெரியும்? பீப்பாய்தான் சரி. ஒடெத், நீ பத்து வருஷமா சொன்னது சரியாப்போச்சு."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சாதகமாகவே பேச்சு போய்க்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும். பிள்ளை மிஞ்சமாட்டான்.

ஒடெத் எழுந்தாள். "சரியாப்போகல. அது நான்தான்."

"என்ன நீதான்?"

"வினிகர் போட்டுத் துடைச்சது. தினமும். பூட்ஸ், முகம் எல்லாம். இவங்க யாரும் அவன் முகத்தைத் தொட்டதே இல்லை, தொட்டது நான் ஒருத்திதான். இனிமே துடைக்கமாட்டேன். அவனை மட்டும் விட்டுவைங்க." நின்றுகொண்டே அழுதாள். அந்தக் கூடத்தில் தங்கள் பூட்ஸை வினிகர் போட்டுத் துடைக்காதவர்கள் யாருமில்லை.

ரேயால்தான் முதலில் எழுந்தார். பத்து வருஷத்துப் பழி அவர் தலையிலிருந்து இறங்கியிருக்கிறது, கொஞ்சம் ஆடிக்காட்டினாலும் யாரும் தப்பு சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "குல்லா அழுக்கு எங்க கணக்கு. அதைச் சுத்தம் பண்ற செலவை நாங்க ஏத்துக்கறோம். பையன் இருக்கட்டும். பீப்பாயைப் பார்க்க எவன் கப்பல் ஏறி வருவான்?"

வாக்கெடுப்பில் பையன் ஜெயித்தான். வெளியே வந்ததும் ரேயால் அவள் பக்கத்தில் நடந்தார். "பத்து வருஷமா என்னைக் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தே."

"பார்த்தேன்."

"ஒரு வாரம் காபிக்கு நீதான் காசு கொடுக்கணும்."

"ஒரு மாசம் கொடுக்கறேன்" என்றாள் ஒடெத், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கோடை முழுக்க மரிலு வரைந்தாள். பழைய படத்தையும் ஒடெத் கொடுத்த போட்டோக்களையும் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு முகத்தைக் கடைசியாகத்தான் எடுத்தாள். பல் போன இடம் வந்தது, கன்னத்துச் சிவப்பு வந்தது. சாரத்தைப் பிரித்த அன்று ஒடெத்தின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "எதுவும் வேணாம். வினிகர் வேணாம், சோப்பு வேணாம், வெறும் தண்ணிகூட வேணாம். குளிர்ல தண்ணி உள்ளே உறைஞ்சா பூச்சு வெடிச்சுடும். சத்தியம் பண்ணுங்க" என்றாள். ஒடெத் சத்தியம் செய்தாள்.

ஜனவரியில் பெரிய பனி விழுந்தது. பனி தள்ளும் வண்டி இரண்டு தரம் போனது. மறுநாள் வெயில் காய்ந்தபோது பையனின் வாய்மேலும் ஒரு கண்மேலும் உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. கடை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒடெத் கோட்டைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டிப் போனாள். ரேயால் அப்போதுதான் அங்கே வந்து நின்றார். அவருக்கே மனசு கேட்கவில்லை.

"பாவமா இருக்கு, ஒடெத். உலர்ந்த துணியால ஒரே ஒரு தடவை? நான் வேணா துடைக்கறேன். நீ சத்தியம் பண்ணினது, நான் பண்ணல."

"வேணாம்."

அவள் மண்டி போட்டாள். கைகள் இரண்டையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேராக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளியில விளையாடுற பிள்ளைக்கு மூஞ்சி இப்படித்தான் இருக்கும், ரேயால். வீட்டுக்கு வந்தாத்தான் கழுவிவிடணும்" என்றாள். "இவன் வரமாட்டான்."

அவன் போன நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. ரேயால் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். கடை வாசலில் சூடான பாகைப் பனிமேல் ஊற்றி மிட்டாயாக இறுகவைத்துத் தரச் சொல்லி நாலு பிள்ளைகள் வந்து நின்றிருந்தார்கள். ஒடெத் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து அவர்களிடம் போனாள்.